போலிப்புக்குக் கால் உண்டா?

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. சிலிம் ரிவர் ரயில் நிலையத்தில் நானும் என் மனைவி கமலாவும் வடக்கே போகும் மின்ரயிலுக்காக நின்றோம். என்னிடம் ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் புட்டி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு வாழைத்தண்டு. தண்டின் நீளம் ஏறக்குறைய என் கை நீளம். அதைத் தோளில் சாய்த்து நான் நின்ற தோரணையைப் பார்த்து நிலையக் காவலர் என்னை ஒருமுறை சுற்றி வந்தார். ஈப்போ இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கட்டணம் ஆளுக்குப் பதினெட்டு வெள்ளி. ரிங்கிட்டை நாங்கள் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். வாழைத்தண்டுக்கு டிக்கெட் கேட்கவில்லை.

ஈப்போவுக்குப் போகிறவர்கள் குகைக்கோயில் பார்ப்பார்கள், வெள்ளைக் கோப்பி குடிப்பார்கள், அவித்த கோழியும் தவுகே என்கிற பயறு முளையும் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுவார்கள். என் பயணத்துக்கு அந்த மாதிரிப் பெருமை கிடையாது. என் குடலுக்குள் ஒரு போலிப் இருக்கிறது. அதை எடுக்கப் போனேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு சின்னக் குழாய் ஒன்றைப் பின்பக்கமாக விட்டுப் பார்த்த எங்கள் ஊர் டாக்டர் அமைதியாகச் சொன்னார். உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, போலிப் என்பார்கள், ஈப்போவில் முழுசாகப் பார்த்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம், பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, ஆனால் விட்டுவைத்தால் பிற்காலத்தில் கெட்டதாக மாற வாய்ப்புண்டு. காம்போடு நின்றால் எடுப்பது சுலபம், தட்டையாக அகலமாக உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. அவர் சொன்னது இவ்வளவு. நான் கேட்டது "கெட்டதாக" என்ற ஒரு சொல்லை மட்டும். அதற்குப் பிறகு கார் நிறுத்துமிடம் வரும்வரை என் காது வேலை செய்யவில்லை.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். முப்பது பிள்ளைகளின் கூச்சலைப் பின்னால் வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே வளைந்து போகிறவன். ஊரில் எனக்குத் தைரியசாலி என்று பெயர். அந்தப் பெயர் அன்றைக்கு வேனிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் மட்டும் வீட்டுக்குள் போனேன்.

"போலிப்" என்று கமலாவிடம் சொன்னேன்.

"போலின்னா நல்லதுதானேங்க. அசல் இல்லேன்னு அர்த்தம்" என்றாள்.

அவளிடம் ஆறுதல் கிடைக்காது என்று முடிவுசெய்து அவளுடைய தம்பி குணாவுக்குப் போன் போட்டேன். குணா ஈப்போவில் புந்தோங் வட்டாரத்தில் இருக்கிறான். ஏர்கோன் என்கிற குளிர்சாதனம் பழுது பார்ப்பது பிழைப்பு; வீட்டுக் கூடத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து விநோதமான ஜீவன்களை வளர்ப்பது பைத்தியம். அவன் அப்போது யார் வீட்டுச் சுவரிலோ ஏணிமேல் நின்றிருந்தான். "போலிப்பா? அது காராங் சம்பந்தப்பட்டது மச்சான். நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை.

வினை அந்தச் சொல்லில்தான் இருந்தது. மலாயில் பத்து என்றால் எண் அல்ல, கல். காராங் என்றால் பவளம். இரண்டையும் சேர்த்துப் பத்து காராங் என்றால் கடலில் கிடக்கும் பவளப்பாறை. அதே பத்து காராங்தான் சிறுநீரகக் கல்லுக்கும் பெயர். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, பேசுகிற இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது இங்குள்ள வழக்கம். நான் இடத்தைப் பார்க்கவில்லை. "கமலா, வெறும் பத்து காராங்தானாம்!" என்று கூவியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

சிறுநீரகக் கல் கௌரவமான நோய். கடைத்தெருவில் நின்று சத்தமாகச் சொல்லலாம். பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் எங்கள் வரிசைவீடுகளின் பின்னால் வாய்க்காலோரம் வாழை போட்டிருக்கிறார். கல்லைக் கரைக்க வாழைத்தண்டை மிஞ்சியது இல்லை என்று சொல்லி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தண்டை வெட்டிக் கொண்டுவந்தார். கூட்டு, பொரியல், சாறு என்று இரண்டு வாரம் விழுங்கினேன். கமலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டாக்டர் அந்தப் பக்கமா விட்டுல்ல பார்த்தாரு. கிட்னி எப்படிங்க அங்க வரும்?" உள்ளே போனால் எல்லாம் ஒரே பாதைதான் என்று விளக்கினேன். சாலை விஷயத்தில் என் பேச்சை அவள் எதிர்ப்பதில்லை.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசைகள் ஓடின. நான் பிறந்த தோட்டமும் அந்த வரிசைகளில் ஒன்றாகிப் பல வருஷம் ஆயிற்று. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பாதி நிலத்தில் வீடமைப்பு வந்தது, நாங்கள் வேன் ஓட்ட வந்தோம். சுங்கை என்ற நிலையம் தாண்டியதும் என் போன் அடித்தது. ஈப்போ மருத்துவமனையிலிருந்து ஒரு மிஸ்ஸி. தாதியரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பெண். ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நான் ஒலிபெருக்கியைத் திறந்தேன். என் வாழ்நாளில் அழுத்திய பொத்தான்களிலேயே மிகத் தவறானது அது.

"அங்கிள், சனிக்கிழமை காலையில உங்களுக்கு ஸ்கோப். இன்னையிலிருந்து நார் உள்ளது எதுவும் சாப்பிடாதீங்க. காய், கீரை, விதை, கொட்டை ஒண்ணும் வேணாம். குடல் சுத்தமா இருந்தாத்தான் பார்க்க முடியும்."

"வாழைத்தண்டு?" என்று கேட்டேன்.

"ஏன் அங்கிள் வாழைத்தண்டு?"

"பத்து காராங்குக்கு."

"உங்களுக்கு பத்து காராங் இல்லையே அங்கிள். போலிப்தானே. பெருங்குடல்ல." அவள் குரல் கவனமாயிற்று. "எவ்வளவு சாப்பிட்டீங்க?"

முன் இருக்கைகளில் இரண்டு தலைகள் திரும்பின. நேற்று இரவுவரை, ரெண்டு வாரமாக என்றேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். குடல் சுத்தமாகாவிட்டால் டாக்டரால் போலிப்பைச் சரியாகப் பார்க்க முடியாது, பாதியில் நிறுத்திவிட்டு வேறு தேதி வாங்க வேண்டியிருக்கும், அடுத்த தேதிக்குச் சில மாதம் ஆகும் என்றாள். மருந்தை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்தாள்.

சில மாதம் என்பது, கெட்டதாக மாறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாத ஒருவனுக்கு, ரொம்ப நீளமான சொல். நான் எழுந்து நின்றேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அடுத்த நிலையமான தாப்பா ரோட்டில் இறங்கிவிடலாம் என்று நான் சொன்னதாகக் கமலா சொல்கிறாள்.

"உக்காருங்க" என்றாள். "இறங்க வேண்டிய இடம் ஈப்போ. அங்கயும் இறங்காம இருந்தீங்கன்னா மேல போனா தஞ்சோங் ரம்புத்தான். இப்ப இருக்கிற இருப்புக்கு அதுவும் சரியாத்தான் இருக்கும்." தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது பெரிய மனநல மருத்துவமனை. வண்டியில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. முன் இருக்கைத் தலைகள் குலுங்கின.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருந்தேனா? போனில் "போலிப் எப்படி ஒட்டிக்கொள்ளும்" என்று தேடினேன். காம்பா தட்டையா என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன் எனக்குக் காட்டியது கடலை. பவளத்தின் போலிப், குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் நீந்தித் திரியுமாம். பிடித்த பாறையைக் கண்டதும் ஒரு முனையை ஊன்றி, அடியைத் தட்டையாக்கி, பசைபோல ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்ளுமாம். அதோடு விடுகிறதா? தன் காலுக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து கல்லாலேயே ஓர் ஆசனம் கட்டிக்கொள்ளுமாம். பிறகு எழுந்திருப்பது கிடையாது. ஒன்று பலவாகி, பல ஆயிரமாகி, கப்பல் தட்டி உடைகிற பாறையாகிவிடுமாம்.

கம்பார் நிலையம் வருவதற்குள் என் வயிற்றுக்குள் கப்பல் உடைய ஆரம்பித்துவிட்டது.

"சுண்ணாம்பு கட்டுமாம் கமலா" என்றேன்.

"உங்க வயித்துல சுண்ணாம்பு ஏது? வெத்தலையா போடுறீங்க?"

பத்து காஜா தாண்டியதும் குன்றுகள் வந்தன. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள், தரையிலிருந்து நேர் செங்குத்தாக, உச்சியில் மட்டும் காடு. எத்தனையோ தடவை பார்த்தவைதான். அன்றைக்குப் போன் இன்னொரு தகவலையும் தந்தது. இந்தப் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் கடலடியாம். கடல் ஜீவன்கள் விட்டுப்போன சுண்ணாம்பு படிந்து இறுகியதுதான் இந்தக் குன்றுகளாம். ஒட்டிக்கொண்டவை ஊரையே கட்டியிருக்கின்றன. கடல் போனது, அவை போகவில்லை. கமலா அழகாயிருக்கிறது என்றாள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

பதினொன்றுக்கு ஈப்போ. நிலைய வாசலில் பிடித்த வாடகைக் காரை ஓட்டியவர் அறுபது வயதிருக்கும் சீனர். புந்தோங்குக்கு எட்டு வெள்ளி. வாழைத்தண்டைப் பார்த்துவிட்டு எதற்கென்று மலாயில் கேட்டார். கமலா முந்திக்கொண்டு முழுக்கதையும் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, போன வருஷம் தனக்கும் அதே ஸ்கோப்தான் நடந்தது என்றார். ஊசி போடுவார்கள், தூங்குவாய், எழுந்திருப்பாய், கஞ்சி குடிப்பாய், அவ்வளவுதான் என்றார். காம்பா தட்டையா என்று கேட்டேன். தான் கேட்டுக்கொள்ளவில்லை என்றார். எடுத்துப்போட்டதற்கு அப்புறம் அது நின்றதா உட்கார்ந்ததா என்று யார் கேட்பார்கள்?

புந்தோங் தெருக்களில் கடலை வறுக்கும் வாசனை. கச்சாங் பூத்தே என்று பொட்டலம் கட்டி நாடு முழுக்கப் போகிற கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாம் இங்கிருந்துதான் போகிறது. விதையும் கொட்டையும் கூடாது என்று விதிக்கப்பட்டவனை நேராக அங்கே கொண்டுபோய் இறக்கியதில் ஆண்டவனுக்கும் கமலாவின் கிண்டல் சுபாவம் கொஞ்சம் உண்டு என்று தெரிந்தது.

குணாவின் மனைவி செல்வி வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணே. அண்ணி போன்ல சொன்னாங்க, உங்களுக்குன்னே வாழைத்தண்டு கூட்டு வச்சிருக்கேன்" என்றாள். என் கையிலிருந்த தண்டையும் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். விஷயம் தெரிந்ததும் எனக்கு வெறும் சோறும் முட்டையும் வந்தன. மற்ற மூவரும் கூட்டைப் பரிமாறிக்கொண்டார்கள்.

குணா கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "மச்சான், நான் சொன்னது கடல்ல இருக்கிற காராங். ரெண்டும் ஒரே பேருலா, அவ்வளவுதான் சொல்ல வந்தேன். ஏணியில நின்னுக்கிட்டு எவ்வளவு பேச முடியும்?"

வெள்ளிக்கிழமை. காலையில் கஞ்சி, அதன் பிறகு தெளிந்த நீராகாரம் மட்டும். கோப்பி உண்டு, பால் கூடாது. வெள்ளைக் கோப்பியின் தலைநகரத்தில் கறுப்புக் கோப்பியும் கையுமாகக் குணாவின் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தொட்டி ஓர் ஆள் படுக்கும் நீளம். உள்ளே கற்கள், கற்கள்மேல் பொத்தான் பொத்தானாகப் பச்சையும் ஊதாவுமாய் விரிந்த போலிப்புகள். அன்றைக்குத்தான் அவற்றின் முகத்தை நேரில் பார்த்தேன். பூ மாதிரி, நடுவில் வாய், சுற்றிலும் விரல்கள். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழகாயிருந்தது எனக்குக் கொஞ்சம் கோபத்தைத் தந்தது.

புதிதாக வாங்கும் துண்டுகளைக் குணா முதலில் கடைப் பசையால்தான் கல்லில் ஒட்டுவானாம். சில வாரத்தில் போலிப்பின் சதை பசையைத் தாண்டிக் கல்மேல் பரவி, தன் சொந்தப் பிடியைப் போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம் பசை இருந்தால் என்ன, போனால் என்ன. கல்லில் பாசியும் அழுக்கும் மூடியிருந்தால் மட்டும் பிடி நிற்காது என்றான். சுத்தம் இல்லாவிட்டால் ஒட்டவும் முடியாது, பார்க்கவும் முடியாது என்று ஊர் முழுக்க ஒரே பாட்டாக இருந்தது.

தொட்டியின் வலது கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தி. அதுவும் போலிப் சாதிதான், பெரிய உருவம். குணா அதற்கு வைத்த பெயர் தவ்கே, அதாவது முதலாளி. தொட்டியில் எங்கே உட்கார வேண்டும் என்று தவ்கேதான் தீர்மானிக்கும், மற்றவர்கள் நகர வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் அதன் காலை அடியிலிருந்தே பார்க்க முடிந்தது. வட்டமான தட்டைப் பாதம், நடுவிலிருந்து ஓரம்வரை சைக்கிள் கம்பிகள்போல் கோடுகள். அந்தப் பாதத்தைச் சதையால் இறுக்கி, வழவழப்பான பசையையும் கசியவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. பவளம்போலச் சுண்ணாம்பு கட்டுவதில்லை. ஆகவே இது வேண்டுமானால் விட்டுவிட்டு நடக்கும், ஆமையை விட மெதுவாக.

அன்றைக்குத் தவ்கே நடந்து வந்து நின்ற இடம், தண்ணீரை உறிஞ்சும் பம்ப்பின் வாய்க்கு நான்கு விரல் தள்ளி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே இழுக்கப்பட்டு அரைபடும், அரைபட்டால் தொட்டி முழுக்க விஷமாகும் என்று குணா பம்ப்பை அணைத்தான். பம்ப் இல்லாமல் ரொம்ப நேரம் விடவும் முடியாது.

"பிச்சு எடுத்துடேன்" என்றேன்.

"இழுத்தா கால் கிழியும் மச்சான். கால் கிழிஞ்சா செத்துடும். அதுவா விடணும்." ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, வெளிப்புறக் கண்ணாடியில் தவ்கேயின் பாதம் இருக்கும் இடத்தில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னான். குளிர் பட்டால் அதற்குப் பிடிக்காதாம், தானாகக் காலைத் தளர்த்துமாம்.

எனக்குத் தோட்டத்து ஒட்டுப்பால் ஞாபகம் வந்தது. மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் மிஞ்சும் ரப்பர் பால் காயும்முன் இழுத்தால் கையோடு வரும், மங்கோடும் நிற்கும், சட்டையிலும் அப்பும். காய்ந்தபின் ஓரத்தைக் கிள்ளினால் முழுசாக உரிந்து வரும். பொறுக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஒட்டுப்பால். எனக்கு எந்த நாளும் சட்டையில்தான்.

ஐந்து மணிக்கு முதல் புட்டி பேதி மருந்தைக் குடித்தேன். எலுமிச்சை வாசனை என்று புட்டியில் போட்டிருந்தது. கடல் தண்ணீரில் யாரோ எலுமிச்சையைக் காட்டிவிட்டு எடுத்துப்போன மாதிரி இருந்தது. மறுபடி ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தவ்கே அசையவில்லை. என் கண்ணுக்கு நேரே அந்தப் பாதம். என்னுடையதும் இப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்குமா, டாக்டர் கம்பியைப் போட்டு இழுத்தால் எது கிழியும் என்று யோசனை போயிற்று. சிரிப்பு வராத யோசனை. கமலா வந்து பக்கத்தில் நின்றாள். என் தோளில் கை வைத்தாள். கிண்டல் பண்ணவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

அப்போது மருந்து கூப்பிட்டது. ஐஸ் பையைக் கமலாவின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். நான் உள்ளே இருந்த நேரத்தில்தான், ஒரு மணி நேரம் நான் காவல் காத்த அந்தத் தவ்கே, காலை விட்டது. கூடத்தில் மூன்று பேரும் கத்தினார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து, "என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"விட்டுருச்சுங்க" என்று கமலா கதவருகே வந்து சொன்னாள். "தோசை மாதிரிங்க. நாம தோண்டினா பிஞ்சு போகும். வெந்ததும் ஓரம் தானா எழும்பும் பாருங்க, அப்படி சுத்தி எழும்புச்சு. அப்புறம் மெத்துன்னு கீழ விழுந்துச்சு."

என் பாதி வயதுக்காலம் கல்லில் தோசை சுட்டுப்போட்ட பெண்மணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. உலகத்தில் ஒட்டிக்கொண்டதெல்லாம் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது இல்லை என்று தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தைக் கொண்டாட வெளியே வர முடியவில்லை. அன்று பொழுது போகும்வரை அந்த அறைதான் என் ஊர்.

சனிக்கிழமை. விடியும்போது இரண்டாவது புட்டி. எட்டு மணிக்குக் குணா தன் வேலை வேனில், ஏர்கோன் குழாய்களுக்கு நடுவே என்னை உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். போனில் பேசிய அதே மிஸ்ஸிதான் அங்கே இருந்தாள். என் பெயரைப் பார்த்ததும், "வாழைத்தண்டு அங்கிள்" என்றாள். அந்த மாடியில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

இப்போது எப்படிப் போகிறது என்று கேட்டாள். தெளிந்த மஞ்சள் தண்ணீர் என்றேன். நல்லது என்றாள், ஆனாலும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, என் மகள் வயது. மலாயில் இரண்டு வார்த்தை பேசினார். கையில் ஊசி. ஒன்று இரண்டு எண்ணுவார்கள் என்று காத்திருந்தேன். எண்ணினார்களா என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது கமலாவும் மிஸ்ஸியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அதை நான் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

"காம்பா?" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"காம்புதான் அங்கிள். அழகா நின்னுச்சு. கம்பிக் கண்ணி போட்டு இறுக்கி, சூடு வச்சு, முழுசா எடுத்தாச்சு. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சோதனைக்கு அனுப்புறோம். ரெண்டு வாரத்துல சொல்வோம்." பிறகு கண்ணைச் சுருக்கினாள். "குடல் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு இடத்துல மட்டும் வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. டாக்டர் புழுன்னு நினைச்சுட்டாங்க. தண்ணி அடிச்சதும் போயிடுச்சு. வாழை நார்."

படத்தைக் காட்டினாள். மெல்லிய இளஞ்சிவப்புச் சுவர், அதிலிருந்து ஒரு சின்னக் காளான் குட்டி. காலைத் தேடினேன். தவ்கேயின் பாதம்போல வட்டமாக ஒன்று, ஒட்டிய இடத்தில் ஒரு விளிம்பு, எதுவுமே இல்லை. சுவரும் காம்பும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கயும் ஒட்டல அங்கிள். வெளியிலருந்து வந்து ஒட்டிக்கிறதுக்கு அது கடல்ல இருக்கிற போலிப்பா? உங்க சதைதான், அந்த இடத்துல எழும்பிடுச்சு. அது வேற ஆள் இல்ல, நீங்கதான்."

இரண்டு நாளாக ஒரு வாடகைக்காரனைக் காலி பண்ண வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து ஒட்டியவன் என்று ஒருவனும் இல்லை. கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பாசமாகவும் இருந்தது.

கிளம்பும்போது மிஸ்ஸி சொன்னாள், சில நாள் கழித்து வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம், இனிமேல் நார் உள்ளதை நிறையச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இந்த மாதிரி வராமலிருக்க உதவும்.

"வாழைத்தண்டு?" என்றேன்.

"தாராளமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயில். கிளம்பும்முன் குணா ஒரு காகிதப் பொட்டலம் தந்தான். தொட்டியோடு பழைய சொந்தக்காரரிடமிருந்து வந்த செத்த பவளத் துண்டு, ஓர் எலுமிச்சை அளவு. வெள்ளையாக, மேலெல்லாம் நட்சத்திர நட்சத்திரமாய்ப் பொடிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு போலிப் குடியிருந்தது என்றான். அடிப்பக்கம் தட்டை. பாறையில் உட்கார்ந்திருந்த இடம். "மச்சான், இதுதான் நான் சொன்ன காராங். இனிமே குழப்பிக்காதீங்க" என்றான். தவ்கே இடது மூலைக் கல்லில் புதிதாகக் காலூன்றி, அங்கே முன்னமே இருந்த ஒரு மீனைத் துரத்திவிட்டிருந்தது.

குன்றுகள் இந்தத் தடவை பின்னால் போயின. நான் பார்த்துக்கொண்டே வந்தேன். சிலிம் ரிவரில் குன்று கிடையாது. செம்பனையும் மழையும் வரிசைவீடும்தான். ஈப்போவுக்குக் கல் இருக்கிறது, எங்களுக்குச் சேறு. ஆனாலும் நிலையத்தில் இறங்கி வேன் சாவியைக் கையில் எடுத்ததும் பாதம் தட்டையாகித் தரையைப் பிடித்த மாதிரி இருந்தது. என்ன பசை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மிஸ்ஸி கூப்பிட்டாள். பள்ளி வாசலில் வேனை நிறுத்தியிருந்தேன். இந்தத் தடவை ஒலிபெருக்கியைத் திறக்கவில்லை. கெட்டது ஒன்றுமில்லை, சாதாரண வகை, சில வருஷம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். அவள் முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நல்ல கூச்சல்.

சாயங்காலம் மாரிமுத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் புதுத் தண்டோடு நின்றார். இரண்டு வாரமாக வெளியூர் போயிருந்தவர், ஈப்போ போய் வந்த கதையை இன்னும் கேட்கவில்லை.

"கல்ல எடுத்துட்டாங்களா தம்பி?"

"எடுத்தாச்சுண்ணே."

"காட்டினாங்களா?"

கமலா சமையலறை ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் உள்ளே போய், அலமாரியிலிருந்த காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, பவளத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பத்து காராங்" என்றேன். ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மாரிமுத்து அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகளை விரலால் தடவினார். பிறகு என்னை மேலிருந்து கீழாக, புது மரியாதையோடு பார்த்தார்.

"பாத்தியா" என்றார் மெதுவாக. "வாழைத்தண்டு எவ்வளவு தூரம் அரிச்சிருக்குன்னு."